கறையும் சாயமும்

ஆய்வேட்டின் நான்காம் இயலை முடித்துத் தருவதாக நெறியாளரிடம் வாக்களித்திருந்த மே மாதத்தில், நான் சித்தூரில் எங்கள் வீட்டு மெத்தையில் மண்டியிட்டு உப்புத்தாள் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வார இறுதி அல்ல, ஐந்து வார இறுதிகள். நெறியாளரும் இங்கே வாசிப்பவர் என்பதால் இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

எங்கள் பக்கத்தில் மாடியைத்தான் மெத்தை என்போம். மெத்தையில் படுத்தேன் என்று நான் சொன்னால் தெற்கத்தி நண்பர்கள் பஞ்சு மெத்தையை நினைத்துக்கொள்வார்கள். எங்கள் வீட்டு மெத்தையின் முன்பகுதி தெருவை நோக்கி நீண்ட திறந்த தாழ்வாரம். கீழே தேக்கு உத்தரங்கள், மேலே 27 தேக்குப் பலகைகள், விளிம்பில் மரக் கைப்பிடி. பாதிக்கு மேல் கூரை கிடையாது. 1911இல் சித்தூர் மாவட்டம் உருவானபோது ஆட்சியர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்த கொள்ளுத்தாத்தா, சில ஆண்டுகள் கழித்துக் கட்டியது என்று வீட்டில் சொல்வார்கள். நூறாண்டு வெயிலும், தென்மேற்குப் பருவம் வடகிழக்குப் பருவம் இரண்டின் மழையும் அதன்மேல் விழுந்திருக்கின்றன.

கடந்த மார்ச்சில் அப்பாவின் வலக்கால் கணுக்கால்வரை ஒரு பலகைக்குள் இறங்கிவிட்டது. எலும்பு முறியவில்லை. ஆனால் பெங்களூரிலிருந்து அண்ணன் அன்றே முடிவு சொல்லிவிட்டான். பலகைகளைப் பெயர்த்து விற்றுவிடலாம், கான்கிரீட் போட்டு டைல்ஸ் ஒட்டிவிடலாம் என்றான். அவனுக்கு இரண்டு வயதில் மகள் இருக்கிறாள். விடுமுறைக்கு வந்தால் அந்தத் தாழ்வாரத்தில்தான் ஓடுவாள். அவன் சொன்னதில் தவறு எதுவும் எனக்குத் தென்படவில்லை. ஆயினும் மறுத்தேன். கடைசியில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. ஜூன் மூன்றாம் வாரம் அவன் குடும்பத்தோடு வரும்போது அந்தத் தளத்தில் குழந்தையை அச்சமின்றி இறக்கிவிட முடிய வேண்டும். இல்லையெனில் கொத்தனார் வந்துவிடுவார்.

திருப்பதியிலிருந்து சித்தூர் சுமார் 70 கிலோமீட்டர். ஒவ்வொரு வெள்ளி மாலையும் பேருந்து சந்திரகிரியைக் கடக்கும்போது ராஜமகாலை நினைத்துக்கொள்வேன். விஜயநகர அரசர்களின் அந்த மூன்றடுக்கு மாளிகை மரமே இல்லாமல் கல்லும் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டப்பட்டது என்பதை வழிகாட்டிகள் பெருமையோடு சொல்வார்கள். அந்தப் பெருமையின் பொருள் எனக்கு இந்த மே மாதத்தில்தான் விளங்கியது. மரத்தை வைத்துக் கட்டுகிறவன் தன் பேரனுக்கும் வேலை வைத்துவிட்டுப் போகிறான்.

முதல் நாள் வந்து பார்த்த ஆசாரிக்கு எழுபது வயதைத் தாண்டியிருக்கும். அவர் எந்தப் பலகையையும் மேற்பார்வையாகப் பார்க்கவில்லை. கூரான திருப்புளி ஒன்றை எடுத்து, ஒவ்வொரு பலகையின் இரு முனைகளிலும், உத்தரத்தோடு சேரும் இடங்களிலும் குத்திக்கொண்டே போனார். நல்ல மரத்தில் முனை நின்றுவிடும், உளுத்த மரத்தில் இறங்கும். 27இல் மூன்றுதான் தேறவில்லை. அவையும் மழைநீர் வடியாமல் தேங்கிய மூலையில் இருந்தவை. மீதி 24 பலகைகளும் மேலே சாம்பல் நிறமாய், வெடிப்பும் செதிலுமாய் இருந்தாலும் உள்ளே உறுதியாக இருந்தன. “மேல்தோல்தான் பாப்பா செத்துப் போச்சு. மரம் சாகலை” என்றார்.

மேல்தோல் ஏன் சாகிறது என்பதை அன்றிரவு படித்தேன். மரத்தின் நார்களைப் பிணைத்து வைத்திருக்கும் லிக்னின் என்ற பொருளைச் சூரிய ஒளியின் புறஊதாக் கதிர்கள் சிதைக்கின்றன. சிதைந்ததை மழை கழுவிப்போகிறது. எஞ்சும் வெளிறிய நார்தான் நாம் காணும் சாம்பல் நிறம். அது ஒரு மயிரிழை ஆழமே. அதன்மேல் எதைப் பூசினாலும் இறந்த நாரின்மேல் பூசியதாகவே ஆகும். நார் உரியும்போது பூச்சும் சேர்ந்து உரியும். சுமார் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டில் நடந்தது இதுதான். ஒரு திருமணத்தை முன்னிட்டு, நரைத்த பலகையைத் துடைத்துவிட்டு, மேலே பளபளக்கும் வார்னிஷ் இரண்டு கை அடித்தார்கள். திருமணப் புகைப்படங்களில் தளம் கண்ணாடிபோல் மின்னுகிறது. அடுத்த மழையில் அது பாம்புச் சட்டைபோல் உரியத் தொடங்கிற்று. வார்னிஷ் மரத்தின்மேல் படலமாக நிற்பது. கீழே மரம் ஈரத்தில் விரிந்து வெயிலில் சுருங்கும்போது படலம் வெடிக்கிறது. வெடிப்பின்வழி இறங்கும் நீர் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்குகிறது. அந்த மூன்று பலகைகள் உளுத்ததற்கு வெயிலைவிட அந்த வார்னிஷுக்கே பங்கு அதிகம் என்று ஆசாரி கருதினார். நானும் அவ்வாறே கருதுகிறேன்.

ஆகவே படலமாய் நிற்காமல் மரத்துக்குள் இறங்கும் பூச்சுதான் வேண்டும் என்பது முதலிலேயே தெளிவாகிவிட்டது. பெயிண்ட் கடையில் அதன் பெயர் ஸ்டெயின். இந்தச் சொல்லில்தான் நான் சற்றே தடுக்கி நின்றேன். ஆங்கிலத்தில் விரும்பிப் பூசுவதற்கும் விரும்பாமல் படிவதற்கும் ஒரே சொல். தமிழில் ஒன்று சாயம், மற்றொன்று கறை. துணியில் நாம் ஏற்றுவது சாயம், தானாக ஏறுவது கறை. இந்த வேறுபாட்டைப் பெருமையோடு நண்பர் ஒருவருக்குக் குறுஞ்செய்தியாகவும் அனுப்பினேன். இரண்டு வாரம் கழித்து அந்தப் பெருமை குலைந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

கடைக்காரர் நீட்டிய நிற அட்டையில் தேக்கு, ரோஸ்வுட், வால்நட், மகாகனி என்று வரிசையாக இருந்தன. தேக்குப் பலகைக்குத் தேக்கு நிறம் பூசச் சொன்னார். உண்மையான தேக்கின்மேல் தேக்கு என்று பெயரிட்ட நிறத்தைப் பூசினால்தான் வாடிக்கையாளர் அதைத் தேக்கு என்று நம்புகிறார்களாம். அண்ணனோ தொலைபேசியில், “பூசறதுன்னு ஆயிடுச்சு. நல்ல சிவப்பா, செம்மரம் மாதிரி இருக்கட்டும்” என்றான்.

செம்மரம் என்ற சொல்லை எங்கள் ஊர்களில் எளிதாகச் சொல்லிவிட முடியாது. செஞ்சந்தனம், ரத்தசந்தனம், தெலுங்கில் எர்ரசந்தனம். உலகிலேயே கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில், சேஷாசலமும் அதையொட்டிய மலைகளும் சேர்ந்த சிறு பரப்பில்தான் அது இயல்பாக வளர்கிறது. 1995 முதல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. என் விடுதி அறையின் சன்னலைத் திறந்தால் தெரிவது அந்த மலைதான். 2015 ஏப்ரல் 7 அன்று அந்தக் காட்டில் சிறப்பு அதிரடிப் படையின் துப்பாக்கிச் சூட்டில் 20 தமிழ்க் கூலித் தொழிலாளர்கள் இறந்தனர். அந்நாள்களில் பேருந்தில் தமிழ் பேசவே எங்கள் தெருவில் சிலர் தயங்கினார்கள். அந்த மரத்தின் நிறத்தை ஓர் அலங்காரமாக என் வீட்டுத் தளத்தில் பார்க்க எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் மனம் ஒப்பாததை அண்ணனிடம் காரணமாகச் சொல்ல முடியாது, அவன் பொறியாளன். எனவே சோதித்துப் பார்த்தேன்.

நாட்டுமருந்துக் கடையில் முகப்பூச்சுக்கென்று விற்கும் ரத்தசந்தனத் தூளை ஐம்பது கிராம் வாங்கினேன். அதன் செந்நிறத்துக்குக் காரணமான சாண்டலின் தண்ணீரில் கரையாது, ஸ்பிரிட்டில் கரையும். ஒரு கண்ணாடிக் குப்பியில் இரண்டையும் சேர்த்ததும் எழுந்த சிவப்பைப் பார்த்தபோது, இதற்காக ஏன் கப்பல்கள் வந்தன என்பது புரிந்தது. கழித்த பலகையிலிருந்து ஒரு துண்டை அறுத்து, இழைத்து, அதில் பாதிக்கு இந்தச் சிவப்பையும் மீதிப் பாதிக்கு ஆளிவிதை எண்ணெயில் குழைத்த காவிப்பொடியையும் பூசி, மேற்கு வெயிலில் வைத்தேன். மூன்றாம் வாரம் சந்தனச் சிவப்பு வெளிறி மங்கிய பழுப்பாகியிருந்தது. காவி பூசிய அன்று இருந்தபடியே இருந்தது. காரணம் எளியது. முன்னது நாரோடு கரைந்து கலக்கும் கரிமச் சாயம். அதையும் ஒளி சிதைக்கும். பின்னது இரும்பு ஆக்சைடு, நுண்ணிய மண்துகள். ஒளியால் அதை ஒன்றும் செய்ய முடியாது. அதோடு, அத்துகள்கள் தம்மேல் விழும் கதிரைத் தடுத்து அடியிலுள்ள மரத்தையும் ஓரளவு காக்கின்றன. நிறமே இல்லாத தெளிந்த எண்ணெயால் இந்தக் காவலைத் தர இயலாது. முழுக்க மறைக்கும் நிறமோ மரத்தின் வரியை விழுங்கிவிடும். இரண்டுக்கும் நடுவில், வரி தெரியும் அளவுக்கு மட்டும் இரும்பு ஆக்சைடு கலந்த, எண்ணெய் சார்ந்த செம்பழுப்பு ஸ்டெயினைத் தேர்ந்தெடுத்தேன். துண்டுப் பலகையின் படத்தை அனுப்பியதும் அண்ணன் வேறெதுவும் கேட்கவில்லை. வெறும் ஆளிவிதை எண்ணெயையே பூசிவிடலாமே என்று அப்பா கேட்டார். எங்கள் ஊர் ஈரத்தில் அதன்மேல் பூஞ்சை பிடித்துக் கறுக்கும் என்று ஆசாரி தடுத்துவிட்டார்.

நிறத்தைத் தேர்வதற்கு ஆன நேரம் மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குகூட இராது. மீதியெல்லாம் மரத்தைப் பக்குவப்படுத்தும் வேலை.

பழைய வார்னிஷை ரிமூவர் போட்டு இளக்கி, பட்டித் தகட்டால் சுரண்டினோம். மூலை முடுக்குகளில் ஆசாரி உடைந்த கண்ணாடித் துண்டின் விளிம்பால் வழித்தார். எந்த உளியும் அவ்வளவு மெல்லிய சுருளை எடுக்காது. வெளியே துருத்திய ஆணித் தலைகளை உள்ளிறக்கினோம். கைப்பிடியில் மட்டும் பழைய பச்சைப் பெயிண்ட் இருந்தது, பல அடுக்குகளாக. இங்கேதான் எனக்கு அச்சம் வந்தது. நம் நாட்டில் வீட்டுப் பெயிண்டில் ஈயத்தின் அளவு 90 பிபிஎம்முக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2017 நவம்பர் முதல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமல் பெயிண்டுகளில் எவ்வளவு ஈயம் இருந்திருக்கும் என்று யாருக்குத் தெரியும். அதை உலர்ந்தபடி தேய்த்தால் பறக்கும் தூசி, தரையில் தவழ்ந்து கையை வாயில் வைக்கும் குழந்தைக்குத்தான் முதலில் போய்ச் சேரும். ஆகவே கைப்பிடியில் உப்புத்தாளே படவில்லை. ரிமூவரால் இளக்கி, ஈரமாகவே வழித்து, பழைய செய்தித்தாளில் பொதிந்து கட்டி அகற்றினோம். நான் முகமூடி அணிந்திருந்ததைத் தெருவே வேடிக்கை பார்த்தது. ஆசாரி அணிய மறுத்தார். அவரை வற்புறுத்தும் உரிமை எனக்கு இருந்ததா என்று இன்னும் தெரியவில்லை, வற்புறுத்தியிருக்க வேண்டும்.

பலகைகளில் ஒவ்வோர் ஆணியைச் சுற்றியும் மை கொட்டியதுபோல் கறுத்த வட்டம் இருந்தது. எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. இரும்பும் மரத்தின் துவர்ப்புப் பொருளான டானினும் ஈரத்தில் சேர்ந்தால் பிறக்கும் கருமை அது. இதைப் படித்த கணத்தில், என் கறை-சாயப் பெருமை குலைந்தது என்றேனே, அது நிகழ்ந்தது. திருப்பதியிலிருந்து நாற்பது கிலோமீட்டருக்குள் உள்ள காளஹஸ்தியில் கலம்காரி எழுதுவோர், துணியைக் கடுக்காயில் தோய்த்து, துருப்பிடித்த இரும்பை வெல்லத்தோடு ஊறவைத்த நீரால் கரிய கோடுகளை வரைகிறார்கள். கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து அந்த அழியாக் கருமை உண்டாகிறது. எங்கள் வீட்டு ஆணியைச் சுற்றிக் கறையாக நிற்பது, காளஹஸ்தியில் சாயமாக விலைபோகிறது. வேதியியலுக்கு நம் இரு சொற்களும் தெரியாது. ஆக்சாலிக் அமிலத்தை வெந்நீரில் கரைத்து, கையுறை அணிந்து தடவியபோது அரைமணி நேரத்தில் வட்டங்கள் வெளுத்தன. பிறகு நல்ல தண்ணீரால் மூன்று முறை கழுவினோம். அமிலம் மிச்சமிருந்தால் மேற்பூச்சு பிடிக்காது. கழுவியபின் ஒரு வாரம் காயவிட்டோம். மேலே தொட்டால் மறுநாளே காய்ந்தாற்போல் இருந்தது. உள்ளீரம் போக அந்த ஒரு வாரம் தேவைப்பட்டது.

அடுத்த வாரம் உப்புத்தாள். 60ஆம் எண்ணில் தொடங்கி, 80, பிறகு 100. எப்போதும் மரவரியின் போக்கிலேயே. குறுக்கே ஓர் இழுப்பு இழுத்தாலும் ஸ்டெயின் பட்டதும் அந்தக் கீறல் கறுப்பாகத் தெரியும். 100இல் நிறுத்தச் சொல்லியிருந்தார் ஆசாரி. ஆய்வு மாணவர்களுக்கு உரிய நோய் எனக்கும் உண்டு, நிறுத்தத் தெரியாது. வாசலுக்கு நேரான பலகையை, அவர் இல்லாத ஒரு பிற்பகலில், 220ஆம் எண்வரை தேய்த்துப் பட்டுப்போல் ஆக்கிவைத்தேன். மறுநாள் அவர் பலகைகளின்மேல் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் தெளித்துப் பார்த்தார். மற்றப் பலகைகளில் சொட்டு உடனே பரவி உள்ளே இறங்கிற்று. என் பலகையில் முத்துப்போல் நின்றது. “மரம் குடிக்கணும் பாப்பா. நீ அதோட வாயை மூடிட்டே” என்றார். அதை மீண்டும் 80ஆம் எண்ணால் கீறித் திறக்க ஒரு காலை முழுவதும் போயிற்று.

இனி, இதை எழுதத் தூண்டிய இடத்துக்கு வருகிறேன்.

கதவுக்கு வலப்புறம், நான்காம் ஐந்தாம் பலகைகளின்மேல், இரண்டு சாண் அகலத்துக்கு ஒரு கருமை. அது எங்கள் ஆயாவின் இடம். ஆயாவின் பிறந்த ஊர் திருத்தணிப் பக்கம். எல்லைகள் திருத்தப்பட்ட 1960 ஏப்ரலில் அது சென்னை மாநிலத்துக்குப் போய்விட்டது, வாழ்க்கைப்பட்ட ஊர் ஆந்திரத்திலேயே நின்றுவிட்டது. அந்த இடத்தில் உட்கார்ந்துதான் மாலையில் அகல் ஏற்றுவார். அங்கே உட்காரவைத்துத்தான் என் அத்தைகளுக்கும், பிறகு எனக்கும், விளக்கெண்ணெயும் தேங்காயெண்ணெயும் வைத்துத் தலைவாரினார். அறுபது ஆண்டுகளாகச் சிந்திய எண்ணெய் அந்த இரண்டு பலகைகளில் ஊறியிருந்தது. அவர் மறைந்து இரண்டாண்டு ஆகிறது.

எண்ணெய் குடித்த மரம் வேறெதையும் குடிக்காது. அதை எடுக்காமல் ஸ்டெயின் பூசினால் அங்கே மட்டும் பிசுபிசுத்து நிற்கும், காயாது, கால்பட்டு வீடெங்கும் பரவும். விளக்கெண்ணெயும் தேங்காயெண்ணெயும் ஆளிவிதை எண்ணெய்போல் காற்றுப்பட்டு உலரும் இனம் அல்ல. நூறாண்டானாலும் எண்ணெயாகவே இருக்கும். ஆசாரி இரண்டு வழிகள் சொன்னார். எண்ணெயை உறிஞ்சி எடுக்க முயலலாம். அல்லது அந்த இரு பலகைகளையும் புரட்டிப் போட்டு அடிப்பக்கத்தை மேலே கொண்டுவரலாம். இரண்டுக்கும் நான் இசையவில்லை. அந்த இரண்டு சாண் இடத்தை மட்டும் ஒன்றும் செய்யாமல் விட்டுவிடலாம், சுற்றிலும் பூசலாம் என்றேன்.

என் துறை ஓலைச்சுவடி. சுவடியில் எழுத்தாணி கீறிய தடம் கண்ணுக்குப் புலப்படாது; விளக்குக் கரியைத் தடவித் துடைத்தால்தான் எழுத்து எழுந்து நிற்கும். ஓலை முறியாமலிருக்க எலுமிச்சைப்புல் எண்ணெய் தடவுவார்கள். கையாண்டவர்களின் விரற்கறை ஓரங்களில் படிந்திருக்கும். எந்த ஏடு அதிகம் புரட்டப்பட்டது என்பதை அந்தக் கறையை வைத்தே ஊகிக்கிறோம். மீட்க முடியாத எதையும் ஒரு பழம்பொருளுக்குச் செய்யாதே என்பது எங்களுக்குச் சொல்லித்தரப்படும் முதல் பாடம். இதையெல்லாம் அன்று சாப்பாட்டு வேளையில் சற்று உரக்கவே எடுத்துரைத்தேன். அப்பா பேசவில்லை. தன் தாயின் இடத்தைப் பற்றிய பேச்சில் அவர் வாய் திறக்கமாட்டார் என்று எனக்குத் தெரியும். அந்த மௌனத்தை என் பக்கத்து வாக்காகவே எண்ணிக்கொண்டேன்.

அம்மாதான் பேசினார். ரசத்தை ஊற்றிக்கொண்டே, என்னைப் பாராமல்: “உங்க ஆயா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சாம்பலைப் போட்டு அந்த இடத்தைத்தான் தேய்ப்பாங்க. போகலையே போகலையேன்னு புலம்புவாங்க. சம்பந்தி வீட்டுக்காரங்க வந்தா அதுமேல பாயை விரிச்சு மறைச்சிடுவாங்க. நீ என்னடான்னா அதைப் போய்க் காப்பாத்தணும்கிறே.”

மாமியாரோடு முப்பதாண்டு வாழ்ந்தவரின் நினைவு அது. எனக்கும் அந்தப் பாய் நினைவிலிருந்தது. விருந்தினர் அமர்வதற்காக விரித்த பாய் என்றே இதுநாள்வரை எண்ணியிருந்தேன்.

மறுநாள் காலை நானே தொடங்கினேன். சாக்குக்கட்டித் தூளை டர்பெண்டைனில் களிபோல் குழைத்து, அந்த இடத்தில் விரற்கடைக் கனத்துக்கு அப்பி, பாலித்தீன் தாளால் மூடி, ஓர் இரவு விட்டேன். டர்பெண்டைன் எண்ணெயை இளக்கும். இளகியதைத் தூள் உறிஞ்சிக்கொள்ளும். காலையில் களி மஞ்சளாகியிருந்தது. வழித்துவிட்டு மீண்டும் அப்பினேன். நான்கு முறை. நான்காம் முறை வழித்தபோது எண்ணெய் பெருமளவு போயிருந்தது. கருமை மட்டும் போகவில்லை. அப்போதுதான் ஆசாரி கேட்டார், ஆயா என்ன போட்டுத் தேய்ப்பார்கள் என்று. அடுப்புச் சாம்பல் என்றேன். அவர் சிரித்துவிட்டார். சாம்பல்நீர் காரம், காரம் பட்டால் தேக்கு கறுக்கும். அந்தக் கருமையில் ஒரு பாதி எண்ணெயினுடையது, மறுபாதி அதைப் போக்குவதற்காக வெள்ளிதோறும் அவர் இட்ட சாம்பலினுடையது. தேய்க்கத் தேய்க்கக் கறுத்திருக்கிறது. கறுக்கக் கறுக்கத் தேய்த்திருக்கிறார். யாரும் அவருக்கு இதைச் சொல்லவில்லை. அறிந்தவர் யாரும் வீட்டில் இல்லை.

காரம் விளைத்த கருமையை அமிலம் வெளுக்கும். ஆணி வட்டங்களுக்குப் பூசி மிஞ்சிய ஆக்சாலிக் கரைசலே போதுமானதாயிற்று. ஒரு மணி நேரத்தில் அந்த இடம் மற்றப் பலகைகளின் நிறத்துக்கு நெருங்கி வந்தது. அப்பா மேலே வந்து சிறிது நேரம் நின்று பார்த்தார். “போயிடுச்சே” என்றார். அதில் இருந்தது வியப்பா வேறெதுவுமா என்று நான் கேட்கவில்லை.

பூசும் வேலை ஒரே காலையில் முடிந்தது. சூடேறிய பலகையில் ஸ்டெயின் இறங்குவதற்குள் காய்ந்துவிடும், தூரிகை நின்ற இடமெல்லாம் பட்டையாகத் தெரியும் என்பதால் விடியற்காலை ஐந்தரைக்குத் தொடங்கி எட்டுக்குள் முடித்தோம். ஒரு பலகையை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை முடித்தபின்பே அடுத்தது. கால்மணி கழித்து, மரம் குடிக்காமல் மிஞ்சியதைப் பழைய வேட்டித் துணியால் அழுத்தித் துடைத்தோம். அந்தத் துணிகளை நான் மூலையில் சுருட்டி எறிந்துவிட்டுக் காப்பி குடிக்கப் போனேன். பத்து மணியளவில் புகைநெடி வந்தது. உலரும் எண்ணெய் காற்றோடு சேரும்போது வெப்பம் வெளிப்படும்; குவிந்த துணிக்குள் அந்த வெப்பம் வெளியேற வழியின்றி ஏறிக்கொண்டே போய்த் தானாகத் தீப்பிடிக்கும். கைவைத்தால் சுடுமளவுக்கு அந்தக் குவியல் கொதித்துக்கொண்டிருந்தது. அப்பா வாளித் தண்ணீரில் அமுக்கினார். நூறாண்டு வெயிலையும் மழையையும் தாங்கிய தளத்தை நான் ஒரு காப்பி நேரத்தில் எரித்திருப்பேன். இதைச் செய்யப்போகும் யாரேனும் இதை வாசித்தால், துணிகளைத் தனித்தனியே விரித்து நிழலில் காயவிடுங்கள், அல்லது தண்ணீரில் போடுங்கள். இந்த நீண்ட பதிவில் இந்த ஒரு வரியாவது நினைவிலிருக்கட்டும்.

ஜூன் மூன்றாம் வாரம் அண்ணன் வந்தான். செருப்பைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு பலகையாக மிதித்துப் பார்த்தான், குதித்தும் பார்த்தான். பின் மகளை இறக்கிவிட்டான். கொத்தனாருக்கு அவனே தொலைபேசி செய்து வேண்டாமென்றான்.

ஜூலை முதல் மழைக்குப் பிறகு நான் போயிருந்தபோது, தளம் முழுவதும் நீர் சொட்டுச் சொட்டாக நின்றிருந்தது. வெயில் ஏறியதும் 27 பலகைகளும் ஒரே செம்பழுப்பாகக் காய்ந்தன. கதவுக்கு வலப்புறம் மட்டும், இரண்டு சாண் அகலத்துக்கு, நிறம் சற்றே ஆழ்ந்திருந்தது. நான்கு முறை உறிஞ்சியும் அடியில் தங்கிய எண்ணெய் வெப்பத்தில் மேலேறுகிறது என்றார் ஆசாரி. இன்னும் ஓரிரண்டு கோடைக்கு அப்படித்தான் ஏறும், துடைத்துக்கொண்டே இருங்கள் என்றார். அம்மா வெள்ளிக்கிழமைகளில் டர்பெண்டைன் நனைத்த துணியால் துடைக்கிறார். சாம்பல் போடுவதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்தபின், தை மாதத்தில் இரண்டாம் பூச்சு போட வேண்டும். நான்காம் இயலை அதற்குள் அனுப்பிவிடுவேன்.